ஓசையின்றிக் குறைவது எது? கவனத்தின் முன்னுரிமை பற்றி விமானத் துறை கற்ற பாடம்

1972 டிசம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு. நியூயார்க்கிலிருந்து வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401ஆம் எண் விமானம் மயாமியில் இறங்கத் தயாரானது. அது லாக்ஹீட் ட்ரைஸ்டார் வகை. தானியங்கிக் கருவிகளில் அன்று உலகிலேயே முன்வரிசையில் இருந்த விமானம். சக்கரங்களை இறக்குவதற்கான விசையை இயக்கியாயிற்று. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டது என்று காட்டும் பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை.

சக்கரம் இறங்கவில்லையா, விளக்குதான் பழுதா? தெரியாமல் தரையிறங்க முடியாது. எனவே 2,000 அடி உயரத்துக்கு ஏறி, எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் மேல் மேற்கு நோக்கிப் பறந்தபடியே சிக்கலைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று கேப்டன் முடிவெடுத்தார். ஆட்டோபைலட் இயக்கப்பட்டது. துணை விமானி விளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். திரும்ப மாட்டும்போது அது கோணலாகச் சிக்கிக்கொண்டது. அதை எப்படி எடுப்பது என்பதில் கேப்டனும் சேர்ந்துகொண்டார். விமானப் பொறியாளர் தளத்துக்குக் கீழே இருந்த கருவி அறைக்குள் இறங்கி, முன்சக்கரத்தைக் கண்ணால் பார்க்க முயன்றார். விமானி அறையில் பயணம் செய்த பராமரிப்பு வல்லுநர் ஒருவரும் அவருக்குத் துணையாக இறங்கினார். அனுபவம் மிக்க நான்கு பேரின் கவனமும் ஒரு சிறிய விளக்கைச் சுற்றியே இருந்தது.

இதற்கிடையே, உயரத்தைக் காக்கும் பணியை ஆட்டோபைலட் விட்டுவிட்டது. கட்டுப்பாட்டுத் தண்டின் மேல் தெரியாமல் பட்ட அழுத்தம் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை கருதியது. விமானம் மிக மெல்லக் கீழிறங்கத் தொடங்கியது. குறித்த உயரத்திலிருந்து 250 அடி விலகியதும் எச்சரிக்கை மணி அரை நொடி ஒலித்தது. அது ஒலித்தது பொறியாளரின் இருக்கைப் பக்கம். அவரோ கீழே இருந்தார். மற்றவர்கள் அதைப் பொருட்படுத்தியதாக ஒலிப்பதிவில் ஒரு சொல்லும் இல்லை. வெளியே கும்மிருட்டு. சதுப்பு நிலத்தில் ஊர் விளக்குகள் கிடையாது. தரை நெருங்கிவருவது கண்ணுக்குப் புலப்படவே வழியில்லை. தரைக் கட்டுப்பாட்டாளர் தம் ரேடார் திரையில் 900 அடி என்று கண்டார். நிலைமை எப்படி இருக்கிறது என்று பொதுவாக விசாரித்தார். உயரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இரவு 11:42க்கு விமானம் சதுப்பில் மோதியது. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள்.

முன்சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பழுது விளக்கில்தான்.

கடைசி நான்கு நிமிடங்களில் குழுவினர் கருவிகளைக் கண்காணிக்கத் தவறியதும், முன்சக்கர விளக்கிலேயே மனம் மூழ்கியிருந்ததுமே காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. கவனத்தை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வியை மனவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஞானிகள் தியானத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். விமானத் துறை அதை உயிர்களைப் பலிகொடுத்து ஆராய நேர்ந்தது. அங்கே கிடைத்த விடையை, விமானத்தில் ஏறாதவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். எது முக்கியம் என்பதை, கவனம் இழுபடும் அந்த நொடியில் முடிவு செய்ய மனித மனத்தால் பெரும்பாலும் முடிவதில்லை. அதை முன்கூட்டியே முடிவு செய்து, ஓர் ஏற்பாடாக மாற்றி, இன்னார் பொறுப்பு என்று ஒப்படைத்துவிட வேண்டும்.

கடமையின் கோலத்தில் வருவது

கவனச் சிதறல் என்றதும் வெட்டிப் பொழுதுபோக்கே நம் நினைவுக்கு வருகிறது. 1974 செப்டம்பர் 11 காலை வடகரோலினாவின் சார்லட் நகரில் நடந்த விபத்து அந்த வகைதான். ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 212ஆம் எண் விமானம் மூடுபனிக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, விமானிகள் அரசியலில் தொடங்கி பழைய கார் வரை பேசிக்கொண்டு வந்தார்கள். தரை நெருங்கிவிட்டது என்ற எச்சரிக்கை ஒலி அடிக்கடி கேட்டுப் பழகிப்போன தொந்தரவாகியிருந்தது. அன்றும் அதை யாரும் சட்டை செய்யவில்லை. ஓடுபாதையை எட்டும் முன்பே விமானம் தரையில் மோதியது. அதிலிருந்த 82 பேரில் 72 பேர் இறந்தார்கள்.

ஆனால் 401இல் யாரும் அரட்டை அடிக்கவில்லை. எல்லோரும் வேலைதான் செய்துகொண்டிருந்தார்கள். அதுவும் பாதுகாப்புக்கான வேலை. 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லாந்தில் நடந்ததும் அப்படியே. யுனைடெட் 173ஆம் எண் விமானத்தில் சக்கரங்களை இறக்கும்போது வழக்கத்துக்கு மாறான அதிர்வும் சத்தமும் கேட்டன. இறக்கையின் மேலிருந்த குறிகள், சக்கரங்கள் இறங்கிப் பூட்டியிருப்பதாகவே காட்டின. இருந்தாலும் கேப்டனுக்குச் சந்தேகம் தீரவில்லை. அவசரத் தரையிறக்கத்துக்குப் பயணிகளைத் தயார்செய்ய நேரம் எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்டார். எரிபொருள் குறைவதைப் பொறியாளர் சொன்னார். ஆனால் நிலைமைக்குத் தேவையான அழுத்தத்தோடு சொல்லவில்லை. கேப்டனின் காதில் விழுந்தது, மனத்தில் பதியவில்லை. நான்கு எஞ்சின்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. விமானம் புறநகரில், மரங்களுக்கிடையே விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள்.

மூன்று விபத்துகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கவனத்தைப் பிடித்துக்கொண்டவை எல்லாம் கண்ணெதிரே நின்றவை: எரியாத விளக்கு, சுவையான பேச்சு, திடீர் அதிர்வு. கவனம் கிடைக்காமல் போனவை இரண்டே. ஒன்று உயரம், மற்றொன்று எரிபொருள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக, ஓசையின்றிக் குறைபவை. தீர்ந்த பிறகு திரும்பக் கிடைக்காதவையும் அவையே. சக்கரம் இல்லாமல்கூட விமானத்தை இறக்க முடியும். எரிபொருள் இல்லாமல் ஒரு வட்டம்கூடச் சுற்ற முடியாது. முக்கியமானது தன்னை அறிவித்துக்கொண்டு வரும் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கைதான் அடிப்படைப் பிழை.

கண் பட்டும் தெரியாதது

திறமையும் அனுபவமும் இருந்தால் இந்தப் பிழை நேராது என்று வாதிடலாம். ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையினர் ரேடார் திரையில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடினார்கள். நேரம் போகப்போகத் திரையில் தெரிந்த குறிகளைத் தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டறிய நார்மன் மேக்வொர்த் என்ற மனவியலாளர் ஒரு கருவி செய்தார். எண்கள் இல்லாத வெற்றுக் கடிகார முகம். அதில் ஒரு முள் நொடிக்கு ஒரு படி நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். தாவலைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். 1948இல் வெளியான அவருடைய முடிவின்படி, அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் தெளிவாகச் சரிந்தது. சோம்பேறித்தனமோ அக்கறையின்மையோ அல்ல காரணம். எதுவும் நடக்காத ஒன்றை இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க மனித மூளைக்கு வராது. ஆட்டோபைலட் பறக்கும்போது உயரமானியைப் பார்த்துக்கொண்டிருப்பது ஏறத்தாழ அதே வேலைதான்.

இன்னொரு பக்கம், ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும் மனம் மற்றதைக் காணாது. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணும்படி சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேர், ஆட்டத்தின் நடுவே நடந்துபோன கொரில்லா வேடக்காரரைப் பார்க்கவே இல்லை. அவர்கள் சாதாரணப் பார்வையாளர்கள்; வல்லுநர்கள் தப்பிவிடுவார்களா? 2013இல் டிராஃப்டன் ட்ரூவும் அவருடைய தோழர்களும் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொடுத்துக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தில், சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றைப் பதித்திருந்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை. கண்ணசைவைப் பதிவுசெய்த கருவியின்படி, தவறவிட்டவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்த உருவத்தின் மேலேயே பட்டிருந்தது.

நாள்தோறும் ஸ்கேன் படங்களையே பார்த்து வாழ்பவர்களின் நிலை இது. தேடிப் போனதை மிக நன்றாகத் தேடினார்கள்; அதனாலேயே தேடாதது மறைந்தது. ஆக, ஊன்றிக் கவனிப்பது மட்டும் நம்மைக் காப்பாற்றாது. எதில் ஊன்றுகிறோம் என்பது முதலிலேயே தவறிவிட்டால், ஊன்றுதலின் ஆழமே ஆபத்தாகிவிடும். 401இன் குழுவினரிடம் கவனம் குறைவாக இல்லை. அவ்வளவு கவனமும் தவறான இடத்தில் இருந்தது.

ஒரே நேரத்தில் எல்லாம் முடியாதா?

தமிழ் வாசகர் இங்கே நியாயமான ஒரு கேள்வியை எழுப்பலாம். எட்டு, பத்து, நூறு என ஒரே அமர்வில் பலவற்றைக் கவனிக்கும் அவதானக் கலை நம்மிடம் உண்டே? கோட்டாறு வட்டாரத்து இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார் ஒருவர், கணக்குக் கொடுப்பார் இன்னொருவர், முதுகில் கல்லோ பூவோ விழும், மணி ஒலிக்கும், எத்தனை என்று முடிவில் சொல்ல வேண்டும். பல வேலைகளை ஒரே சமயத்தில் செய்ய மனித மனத்தால் முடியும் என்பதற்கு இதுவே சான்று அல்லவா?

அரங்கின் நடைமுறையை உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். இந்தக் கலை இன்றும் செழித்திருக்கும் தெலுங்கு மரபின் அஷ்டாவதானத்தை எடுத்துக்கொள்வோம். வினவுபவர்கள் தங்கள் முறை வரும்போதுதான் கேட்பார்கள். நான்கடிச் செய்யுளை அவதானி ஒரே மூச்சில் சொல்வதில்லை. ஒரு சுற்றுக்கு ஓரடியாக நான்கு சுற்றுகளில் சொல்கிறார். எல்லாம் முடிந்தபின் முழுச் செய்யுள்களையும் நினைவிலிருந்து ஒப்பிக்கிறார். சம்பந்தமில்லாத பேச்சால் அவரைத் திசைதிருப்புவதற்கென்றே ஒருவர் அமர்த்தப்பட்டிருப்பார். அந்தப் பொறுப்புக்கு அப்ரஸ்துதப் பிரசங்கம் என்று பெயர். சிதறலுக்குக்கூட அங்கே ஓர் இருக்கை உண்டு, ஓர் ஆள் உண்டு. எத்தனை வேலைகள், யார் யார் கேட்பார்கள், எந்த முறையில் வரும் என்பதெல்லாம் அவதானி மேடையேறும் முன்பே முடிவானவை. பல்லாண்டுப் பயிற்சியும் அபாரமான நினைவாற்றலும் அதற்கு மேல். ஒழுங்கு கட்டமைந்த அரங்கில், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பழுதின்றித் தாவுவதே அவதானியின் சாதனை.

பயிற்சியில்லாத நமக்கு அந்தத் தாவல் எவ்வளவு செலவு வைக்கிறது என்பதை அளந்திருக்கிறார்கள். ராபர்ட் ராஜர்ஸ், ஸ்டீபன் மான்செல் 1995இல் வெளியிட்ட சோதனைகளில், எழுத்தைப் பற்றிய எளிய வேலைக்கும் எண்ணைப் பற்றிய எளிய வேலைக்கும் இடையே மாறி மாறிச் செய்தவர்கள், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தாமதப்பட்டார்கள். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டித் தெரிந்து, தயாராக நேரம் கொடுத்தபோதும் தாமதம் குறைந்ததே தவிர மறையவில்லை. அலுவலக வேலையைப் போன்ற சூழலில் சோஃபி லெராய் 2009இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். முடிக்காத வேலையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறவரின் மனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. புதிய வேலை தரம் குறைகிறது. பிறகு தெரசா குளோம்புடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு இதற்கு ஒரு வழியும் சொன்னது. இடையில் எழ நேர்ந்தால், எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று சுருக்கமாகக் குறித்துவைத்துவிட்டால், அந்த ஒட்டுதல் குறைகிறது. ஒரு நிமிடம் பிடிக்கும் இந்தப் பழக்கத்தை எந்த அலுவலகத்திலும், எந்தப் படிப்பு மேசையிலும் நாளைக்கே தொடங்கலாம்.

வேலியும் வாசலும்

விபத்துகளுக்குப் பிறகு விமானத் துறை செய்தவற்றில் மூன்று முக்கியமானவை. மூன்றுமே தனிமனிதரின் மன உறுதியை நம்பாதவை.

முதலாவது, எந்த நேரம் பறிபோகக் கூடாது என்று முடிவு செய்தது. விமானம் தரையில் ஓடும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும், சீராகப் பறக்கும் கட்டம் தவிர 10,000 அடிக்குக் கீழே இருக்கும்போதும், பாதுகாப்புக்குத் தேவையில்லாத பேச்சோ வேலையோ விமானி அறையில் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1981இல் விதி வகுத்தது. பேசலாமா வேண்டாமா என்று அந்தந்த நேரத்தில் யோசிக்கும் சுமையே விமானிக்கு இல்லை. உயரம் முடிவு சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, ஆளை நிர்ணயித்தது. கோளாறு வந்தால், ஒருவர் விமானத்தை ஓட்டுவதை மட்டுமே பார்க்க வேண்டும். மற்றவர் கோளாறைப் பார்க்க வேண்டும். முதலில் பறத்தல், பிறகு திசை, பிறகுதான் தகவல் என்ற வரிசை ஒவ்வொரு பயிற்சி விமானிக்கும் பாடமாகிறது. ‘எல்லோரும் பார்க்கிறோம்’ என்பது நடைமுறையில் ‘யாரும் பார்க்கவில்லை’ என்றாகிவிடும் என்பதை 401 காட்டியிருந்தது.

மூன்றாவது, குரலுக்கு வழிவிட்டது. 173இன் பொறியாளருக்கு எரிபொருள் நிலை தெரியும். ஆனால் அதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. 1979இல் நாசா கூட்டிய பயிலரங்கில் இந்தச் சிக்கல் விவாதிக்கப்பட்டது. 1981இல் யுனைடெட் நிறுவனமே குழுவினர் அனைவருக்குமான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. இளையவர் தயங்காமல் சொல்வதும், மூத்தவர் காதுகொடுத்துக் கேட்பதும் விமானம் ஓட்டும் திறமையின் பகுதியாகவே கற்பிக்கப்பட்டன. ஒருவருடைய கவனம் ஒன்றில் மூழ்கும்போது அவரை வெளியே இழுக்க இன்னொருவரின் குரல்தான் உதவும்.

இவற்றில் முதல் ஏற்பாடு ஒரு வேலியைப் போன்றது. வேலி மட்டும் போதாது, வாசலும் வேண்டும் என்பது பின்னால் தெரிந்தது. ரெபெக்கா சூட், ஏர்ல் வீனர் இருவரும் 1990களில் செய்த ஆய்வுகளில், அந்த அமைதி விதியை மீறிவிடுவோமோ என்ற அச்சத்தால், சொல்லியே ஆகவேண்டிய தகவலையும் விமானிகளிடம் சொல்லப் பணிப்பெண்களும் பணியாளர்களும் தயங்கியது வெளிப்பட்டது. எதைத் தடுக்கிறோம் என்பதைப் போலவே, எதை எப்போதும் அனுமதிக்கிறோம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்.

மருத்துவமனைகளும் இதே பாடத்தைத் தங்கள் வழியில் கற்றன. செவிலியர் மருந்து கொடுக்கும் சுற்றை நினைத்துப் பாருங்கள். மருந்துப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகிறார். நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு, நேரம், செலுத்தும் வழி ஆகிய ஒவ்வொன்றையும் ஒப்பிட வேண்டும். அளவை மருந்துக்குழலில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி மணி அடிக்கும், டாக்டர் கூப்பிடுவார், உறவினர் ஒருவர் சந்தேகம் கேட்பார். சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழுவினர் 98 செவிலியர்கள் 4,271 முறை மருந்து கொடுத்ததை அருகிருந்து பார்த்துப் பதிவுசெய்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் இடையூறு நேர்ந்தது. ஒவ்வோர் இடையூறும் மருந்துப் பிழைகளில் 12.7 சதவீத அதிகரிப்போடு சேர்ந்துவந்தது.

மருந்துச் சுற்றின்போது, ‘இடையூறு செய்யாதீர்கள்’ என்று எழுதிய மேலுடையைச் செவிலியர் அணியும் முறையை அதே குழு பின்னர் சோதித்தது. இடையூறுகள் குறைந்தன. ஆனால் அணிந்தவர்கள் அதைச் சிரமமாக உணர்ந்தார்கள். மூச்சுத்திணறும் நோயாளியின் அழைப்பும் ஓர் இடையூறுதானே? எல்லா அழைப்பையும் அடைத்துவிடும் மருத்துவமனை, எந்த அழைப்பையும் தடுக்காத மருத்துவமனையைவிடப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. அந்த உடை கேட்கும் கேள்வி நுட்பமானது: இந்த நேரத்தில் இந்த மனிதரை எதற்காக மட்டும் கூப்பிடலாம்?

நூறு மணி ஒலிக்கும்போது

முன்கூட்டியே முடிவு செய்வது வழக்கமான நாளுக்குச் சரி; எதிர்பாராத நெருக்கடியில் என்ன செய்வது? 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் 32ஆம் எண் விமானம் இதற்கு விடை தருகிறது. அது ஏர்பஸ் ஏ380. 469 பேர் இருந்தார்கள். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே இரண்டாவது எஞ்சின் வெடித்து, சிதறிய உலோகத் துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. மின்கம்பிகள் அறுந்தன, எரிபொருள் கசிந்தது. விமானத்தின் கணினி, கோளாறு அறிவிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டியது. அவற்றுக்கான நடைமுறைகளை முடிக்கவே குழுவுக்கு ஐம்பது நிமிடம் போல ஆனது.

கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி ஒரு கட்டத்தில் கேள்வியையே திருப்பிப்போட்டார். எவையெல்லாம் கெட்டுவிட்டன என்ற பட்டியலுக்கு முடிவே தெரியவில்லை. ஆகவே, பாதுகாப்பாகத் தரையிறங்க என்னென்ன வேண்டும், அவற்றில் எவை இன்னும் வேலை செய்கின்றன என்று கணக்கெடுத்தார். எரிபொருளைத் தொட்டிக்குத் தொட்டி மாற்றும்படி கணினி சொன்னபோது, துளைபட்ட குழாய்களை நம்ப முடியாது என்று குழு அதைச் செய்ய மறுத்தது. விமானி அறையில் இருந்த ஐந்து பேரும் வேலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். கிளம்பிய இரண்டு மணி நேரத்துக்குள் விமானம் சிங்கப்பூரிலேயே இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை.

401க்கும் இதற்கும் இடையே 38 ஆண்டுகள். தொழில்நுட்பம் வளர்ந்தது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய மாற்றம், அறிவிப்புக்குக் கீழ்ப்படிவதும் பொறுப்போடு கவனிப்பதும் ஒன்றல்ல என்று ஒரு தொழிலே கற்றுக்கொண்டது. அறிவிப்பு, ‘இது கெட்டுவிட்டது’ என்று மட்டுமே சொல்லும். எது போனாலும் எது போகக் கூடாது என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

நம் நாட்களில்

நம்மில் பெரும்பாலோர் விமானி அறையில் இல்லை; ஆனால் நூறு மணிகள் ஒலிக்கும் அறையில்தான் வாழ்கிறோம். கைப்பேசியை எடுத்துப் பார்க்கவே தேவையில்லை. கேரி ஸ்டோதார்ட் குழுவினர் 2015இல் காட்டியபடி, அறிவிப்பு ஒலியோ அதிர்வோ வந்தாலே போதும். ஊன்றிச் செய்யும் வேலையில் பிழைகள் கூடுகின்றன. வந்தது யாரிடமிருந்து என்று மனம் தேடப் போய்விடுகிறது.

மேலும், கைப்பேசி வழியே வருபவை எல்லாம் வீண் அல்ல. அலுவலகக் குழுவில் வரும் கேள்வி, பிள்ளையின் வகுப்புக் குழுவில் வரும் அறிவிப்பு, உறவினர் வீட்டு விசேஷச் செய்தி எல்லாமே நியாயமானவைதான். எரியாத விளக்கும் நியாயமான கவலைதான். அதனால்தான், வீணானதை ஒதுக்கு என்ற அறிவுரை நமக்குப் பெரிதாக உதவுவதில்லை. நியாயமான பலவற்றுள் எது முதலில் என்பதே உண்மையான சிக்கல்.

அதற்கு அந்த மூன்று விபத்துகளிலிருந்து நேரடியாகவே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. என் வாழ்க்கையில் ஓசையின்றிக் குறைந்துகொண்டிருப்பது எது? தீர்ந்தால் திரும்பாதது எது? அதை இப்போது பார்த்துக்கொண்டிருப்பது யார்?

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். இந்த அளவுகோலுக்கு அதைவிடத் தெளிவான சான்று நம் வீடுகளில் இல்லை. நோய் நீடிக்கும்போது பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மங்குகின்றன. முள் குத்தினாலும் செருப்புக் கடித்தாலும் வலிக்காது. வலிக்காததால் யாரும் பார்ப்பதில்லை. பார்க்காததால் புண் ஆழமாகி, சில வேளைகளில் காலையே எடுக்க வேண்டிவருகிறது. பல்வலி என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுவோம், பல் அறிவிப்புக் கொடுக்கிறது. பாதம் கொடுப்பதில்லை. தினமும் பாதத்தைப் பாருங்கள், அடிப்பாகத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அறிவிப்பு வராத இடத்துக்குக் கவனத்தை நாமே அனுப்பிவைக்க வேண்டும். அப்பாவால் குனிந்து பார்க்க முடியவில்லை என்றால், வீட்டில் இன்னார் பார்ப்பார் என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

தூக்கம், உடற்பயிற்சி, சேமிப்பு, வயதான பெற்றோரோடு பேசும் நேரம், பத்து ஆண்டுகளாக எழுத நினைக்கும் புத்தகம், பேச்சைக் குறைத்துக்கொண்டுவரும் பதின்வயது மகளின் மனம் ஆகிய எதுவும் மணி அடிக்காது. அடிக்கும்போது காலம் கடந்திருக்கும். ஊருக்கும் நாட்டுக்கும் இது பொருந்தும். நிலத்தடி நீர் இறங்குவது அன்றாடச் செய்தி ஆவதில்லை. ஆழ்துளைக் கிணறு வறண்ட நாளில்தான் செய்தியாகிறது.

தெரிந்துகொண்டால் மட்டும் நடக்காது. ‘இனி ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன்’ என்ற உறுதிமொழிக்கு ஆயுள் குறைவு. ‘இந்த நேரம் வந்தால், இந்த இடத்தில், இதைச் செய்வேன்’ என்று நிபந்தனையோடு முடிவெடுப்பவர்கள் இலக்கை எட்டும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் காட்டினார்கள். 10,000 அடி விதியின் தனிமனித வடிவம் என்று இதைச் சொல்லலாம். இரவு உணவு முடிந்ததும் அப்பாவின் பாதம். காலையில் முதல் ஒன்றரை மணி நேரம் எழுத்து. அதுவரை கைப்பேசி அடுத்த அறையில். பள்ளியிலிருந்தும் வீட்டிலிருந்தும் வரும் அழைப்பு மட்டும் ஒலிக்கும். வேலியும் வாசலும் ஒரே வரியில் அடங்கிவிடும். அந்த வரியை அமைதியான ஒரு நேரத்தில் எழுதி வைத்துக்கொண்டால், பரபரப்பான நேரத்தில் மனத்தோடு போராட வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டை ஒருவர் தனியாகக் காப்பாற்றுவது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்நேரமும் உடனடிப் பதிலை எதிர்பார்க்கும் மேலாளருக்குக் கீழே வேலை செய்பவரிடம், கவனத்தைக் காத்துக்கொள் என்று சொல்வது பயனற்றது. 401க்குப் பிறகு விமானிகளைப் பார்த்து, இனிக் கவனமாக இருங்கள் என்று மட்டும் சொல்லி விட்டிருந்தால் எதுவும் மாறியிருக்காது. விதி மாறியது, வேலைப் பங்கீடு மாறியது, இளையவர் பேசும் உரிமை மாறியது. அலுவலகத்திலும் பள்ளியிலும் குடும்பத்திலும் அதிகாரம் உள்ளவர்களே முதலில் இதைச் செய்ய வேண்டியவர்கள். எந்த மணி நேரங்களில் கீழே உள்ளவர்களைக் கூப்பிட மாட்டோம், எதற்கு மட்டும் கூப்பிடுவோம் என்று அறிவிப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. எரிபொருள் குறைகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் குரல் ஒன்று ஒவ்வோர் இடத்திலும் இருக்கிறது. அந்தக் குரலுக்குச் செவிசாய்ப்பதும் கவனமே.

கவனத்தைப் பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் திறமையைப் பற்றியதாகவும், குறைந்த நேரத்தில் நிறைய வேலை முடிப்பதைப் பற்றியதாகவும் சுருங்கிவிட்டது. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. விமானத்தின் உயரத்தை விமானி பார்ப்பது தன் திறமையைக் கூட்டிக்கொள்வதற்காக அல்ல. பின்னால் அமர்ந்திருப்பவர்கள் அவரை நம்பி ஏறியவர்கள். நம்மையும் சிலர் நம்பியிருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்வில் ஓசையின்றிக் குறைவது எது என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு நேரத்தையும் ஓர் ஆளையும் குறித்துவிடுவது நம்மால் இன்றைக்கே செய்யக்கூடியது. அது முடிந்த பிறகு, எரியாத விளக்குகளை ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.